எதிர் மண்டபத்துக் குரல்

எங்கள் கச்சேரிக் குழுவை நடத்தும் தங்கவேல் அண்ணன் பாட்டை முடித்தார். மைக்கை அணைத்துவிட்டு ஒரு மடக்கு வெந்நீர் குடிக்கத் திரும்பினார். அந்த இடைவெளியில்தான் அது நடந்தது.

மேடையின் இரண்டு பக்கமும் நின்ற எங்கள் ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று வந்தது. "அடுத்ததாக, மணமகள் கோகிலவாணியின் தாய்மாமன் குடும்பத்தார் மேடைக்கு வந்து மணமக்களை வாழ்த்துமாறு அன்புடன் அழைக்கிறோம்."

எங்கள் மேடையில் அப்படி அறிவிக்க ஆளே இல்லை. அதைவிடப் பெரிய சங்கடம், எங்கள் மணமகளின் பெயர் நந்தினி.

மாப்பிள்ளை திரும்பிப் பெண்ணைப் பார்த்தார். பெண் தன் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "கோகிலவாணிங்கறது யாருங்க?" என்று பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டது மேடை வரைக்கும் கேட்டது. கேட்ட தொனியில் நடந்து முடிந்த கல்யாணமே நின்றுபோகும் போலிருந்தது.

நான் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மேலே தூக்கிவிட்டேன். நான் எதையும் அமுக்கவில்லை என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

பழியெல்லாம் கீபோர்டுக்கு

மேடையில் எது கெட்டாலும் முதல் பார்வை கீபோர்டு பக்கம்தான் வரும். மின்விசிறி நின்றால்கூட என்னைத்தான் பார்ப்பார்கள்.

நான் அடாப்டரை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கச்சேரிக்குப் போன கதையைப் போன வாரம் இந்தப் பக்கத்தில் படித்த ராசிபுரத்து வாசகர் ஒருவர், "உங்க குழு பாடினதே கிடையாதா, எப்பப் பார்த்தாலும் ரிப்பேர்தானா?" என்று கேட்டிருக்கிறார். பாடினோம் ஐயா. இரண்டு ரிப்பேருக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் பாடினோம்.

பள்ளிபாளையத்தில் எங்களுடையது தறி ஓடுகிற வீடு. பகலெல்லாம் தடதடவென்று சத்தம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் கீபோர்டு பழகினேன். நான் என்ன வாசிக்கிறேன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்யாணமான புதிதில் என் மாமியார், சத்தமே வராத ஒரு மேசையில் மருமகள் மணிக்கணக்காக விரலை ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "இவளை எங்காச்சும் கூட்டிப் போய்க் காட்டலாமா?" என்று என் கணவரிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறார்.

கீபோர்டில் ஸ்கேலை, அதாவது சுருதியை, ஏற்றி இறக்க ஒரு பொத்தான் உண்டு. குழுவில் இருப்பவர்கள் அதன் பக்கம் கையைக் கொண்டுபோக மாட்டார்கள்.

மோகனூரில் ஒரு கோயில் திருவிழா. காவிரிக் காற்று சுகமாக வீசிக்கொண்டிருந்தது. கோயில் தர்மகர்த்தா மாலையும் தட்டுமாக மேடையேறினார். தட்டை வைக்க இடமில்லாமல் என் கீபோர்டின் மேல் வைத்தார். தட்டின் விளிம்பு அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டது. அடுத்த பாட்டு மூன்று கட்டை மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. தங்கவேல் அண்ணன் ஆரம்பித்த பிறகுதான் அது தெரிந்தது. நடுவில் நிறுத்த முடியாது. கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் தண்ணீர் வர, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடி முடித்தார்.

விசில் பறந்தது. ஒன்ஸ்மோர் கேட்டார்கள். நான் ஸ்கேலை இறக்கினேன். இரண்டாவது தடவை பஞ்சு மாதிரி பாடினார். ஒருத்தர் கை தட்டவில்லை.

திரும்பி வரும்போது வேனில் சொன்னார்: "அம்மிணி, சனத்துக்குப் பாட்டெல்லாம் வேண்டாம். நாம கஷ்டப்படறதைப் பார்க்கணும். அவ்வளவுதான்."

பட்டுச் சேலையும் ரப்பர் செருப்பும்

இன்னொரு கதை எருமப்பட்டிப் பக்கம். காதுகுத்து விசேஷம். முதல் நாள் பெய்த மழையில் பந்தல் போட்ட தரை சொதசொதவென்று இருந்தது. எர்த்து சரியில்லை. மைக்கில் உதடு பட்டால் சுரீரென்று கரண்ட் இழுத்தது.

அப்போது எங்கள் குழுவில் பெண் குரல் பூங்கொடி. தங்கவேல் அண்ணனின் சொந்தத் தங்கை. எனக்குச் சிநேகிதி. அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. வேனிலிருந்து தன் ரப்பர் செருப்பை எடுத்து வந்து, பட்டுச் சேலைக்குக் கீழே மாட்டிக்கொண்டு, ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றாள்.

முதல் பாட்டு சாமி பாட்டு. கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "ஏனுங்க அம்மிணி, சாமி பாட்டைச் செருப்புக் காலோட பாடறது நல்லாங்க இருக்குது?"

பூங்கொடி மைக்கிலேயே சொன்னாள். "செருப்பைக் கழட்டினா நானே சாமிகிட்டப் போயிருவனுங்க."

பந்தல் முழுக்கச் சிரித்தது. அந்தப் பெரியவரும்தான். அவள் அப்படித்தான். எதைக் கேட்டாலும் பதில் நாக்கு நுனியில் இருக்கும். அந்தப் பதில் ஒரு நாள் வராமல் போனதுதான் பிரச்சினையாகிவிட்டது.

ராசிபுரத்தில் ஒரு விழாவுக்கு, அண்ணன் சொன்னபடி ஃபிளெக்ஸ் பேனர் அடித்து வந்திருந்தார்கள். அதில் தங்கவேல் அண்ணன் கையில் மைக்கோடு ஆள் உயரத்துக்குச் சிரித்தார். பூங்கொடியின் படமும் இல்லை, பேரும் இல்லை. "என் பேரையும் ஒரு மூலையில போட்டிருக்கலாமே ண்ணா" என்றாள்.

"குழுவைப் பார்த்துக் கூப்பிடறாங்க. பாட்டுக்காரி பேரை யாரு பார்க்கறாங்க?" என்றார் அவர், ஒயரைச் சுற்றிக்கொண்டே. வெடுக்கென்று சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குச் சுட்டிருக்க வேண்டும்.

அவள் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குப் பாடினாள். அப்புறம் வரவில்லை. குமாரபாளையத்தில் தன் கணவரோடு சேர்ந்து தனிக் குழு ஆரம்பித்தாள். அண்ணனும் தங்கையும் பேச்சை விட்டுவிட்டார்கள். உறவில் ஒரு விசேஷம் என்றால் ஒருவர் காலையில் போவார், ஒருவர் சாயந்திரம் போவார். என்னிடமும் அவள் ஃபோனில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். நான் அண்ணன் குழுவிலேயே இருந்தேனே.

ஒரே அலைவரிசை

எதிர் மண்டபத்துக்கு வருவோம்.

திருச்செங்கோடு ரோட்டில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மண்டபம், அந்தப் பக்கம் ஒரு மண்டபம். நல்ல முகூர்த்த நாள். இரண்டிலும் கல்யாணம். தாலி கட்டு காலையிலேயே முடிந்து, மதிய விருந்து நேரத்துக் கச்சேரி எங்களுடையது. வாசல் கதவுகள் அகலத் திறந்திருந்தன.

கோகிலவாணி என்ற பேர் வந்ததும் மண்டபத்தில் எல்லோரும் குழம்பினார்கள். நான் குழம்பவில்லை. "வாழ்த்துமாறு" என்று சொல்வதற்கு முன்னால் அந்தக் குரல் எடுத்துக்கொண்ட குட்டி மூச்சு எனக்குத் தெரியும். தங்கவேல் அண்ணனுக்கும் தெரிந்திருந்தது. வெந்நீர் டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

விஷயம் இதுதான். எல்லோரும் ஒன்றாக இருந்த காலத்தில் சேலத்துக்குப் போய் ஒரே மாதிரி இரண்டு செட் கார்ட்லெஸ் மைக் வாங்கினோம். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று. கடைக்காரர் அப்போதே சொன்னார்: "ரெண்டும் ஒரே அலைவரிசைங்க. ஒரே இடத்துல ரெண்டையும் போடாதீங்க, ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்துரும்." குழு பிரிந்தபோது ஒரு செட் பூங்கொடியோடு போனது. இத்தனை நாளில் இரண்டு குழுவும் பக்கத்துப் பக்கத்தில் பாட வாய்த்ததே இல்லை. அன்றைக்கு நடுவில் ஒரு ரோடுதான்.

எங்கள் மைக் அணைந்திருந்தால் அவள் குரல் எங்கள் பெட்டியில். அவள் மைக் அணைந்திருந்தால் அண்ணன் குரல் அவள் பெட்டியில்.

"ஒயர் மைக்கைப் போடு" என்றார் அண்ணன். டிரம்ஸ் வாசிக்கும் செல்லமுத்து அதை எடுத்துக் காட்டினார். காலையில் நாற்காலி அடுக்கியவர்களில் யாரோ மிதித்து அதன் முனை வளைந்து போயிருந்தது. தட்டினால் கரகரவென்றது, பேசினால் பேச்சு வரவில்லை.

அன்றைக்கு எங்களுக்கு ஏற்கெனவே நேரம் சரியில்லை. எங்கள் புதுப் பாடகிக்குக் காலையிலிருந்து காய்ச்சல். வரவில்லை. ஆனால் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆசைப்பட்டுக் கேட்டிருந்தது ஒரே ஒரு பழைய டூயட். அதைக் கேட்கத்தான் எங்கள் குழுவையே அமர்த்தியதாக நந்தினியின் அப்பா முதல் நாளே சொல்லியிருந்தார். பெண் வரிகளைக் கீபோர்டில் புல்லாங்குழல் சத்தத்தில் வாசித்துவிடு என்று அண்ணன் எனக்கு உத்தரவு போட்டிருந்தார். அதைப் பெண் வீட்டுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

தபால்காரர்

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெரியவர் வேகமாக நுழைந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் வேர்வை. நேராக மேடைக்கு வந்தார்.

"ஏனுங்க, நா எதிர் மண்டபத்துப் பொண்ணுக்குப் பெரியப்பனுங்க. உங்க பாட்டு எங்க கல்யாணத்துல பாடுதுங்க. எங்க சம்பந்தி எந்திரிச்சு வாழ்த்திப் பேச வாயைத் தொறக்கறாரு, பொட்டிக்குள்ள இருந்து நீங்க 'ஹலோ, செக்'குங்கறீங்க. மனுசன் பயந்து உக்காந்துட்டாருங்க."

தங்கவேல் அண்ணன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னார்: "அங்க பாடறவங்களைக் கொஞ்ச நேரம் மைக்கை அணைச்சு வெக்கச் சொல்லுங்க."

பெரியவர் போனார். ரோட்டைத் தாண்டி, போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அந்த அம்மிணி உங்களை அணைக்கச் சொல்லுதுங்க."

"முடியாதுன்னு சொல்லுங்க."

மறுபடி போனார். மறுபடி வந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவியளும் முடியாதுங்கறாங்க. ஏனுங்க, நா என்ன தபால்காரனுங்களா? வேகாத வெயில்ல லாரிக்கு நடுவுல பூந்து பூந்து வாரேன். மைக்குலதான் கேக்குதில்லீங்க? அதுலயே பேசிக்குங்க!" என்று சொல்லிவிட்டு எங்கள் முன்வரிசையிலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எங்கள் பெண் வீட்டார் அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அண்ணனுக்கு வேறு வழியில்லை. மைக்கைப் போட்டார். தொண்டையைச் செருமினார். மேடை மரியாதை குறையாத குரலில் ஆரம்பித்தார்.

"எதிர் மண்டபத்தில் பாடிக்கொண்டிருக்கும் குழுவினருக்கு வணக்கம். தங்கள் மைக்கைச் சற்று நேரம் அணைத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அணைத்தார். மண்டபம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

பெட்டியிலிருந்து பதில் வந்தது. "எதிர் மண்டபத்தில் பாடும் பெரியவருக்கு வணக்கம். நாங்களும் கல்யாணத்துலதான் பாடறோம், மாட்டுச் சந்தையில பாடலை. தாங்களே அணைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்."

எங்கள் மண்டபம் சிரித்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் திறந்த கதவு வழியாக வந்தது. "பெரியவர்" என்ற வார்த்தை அண்ணனை நன்றாகவே தைத்தது. தலைக்கு மை போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"சரிங்க, நீங்க ஒரு பாட்டு, நாங்க ஒரு பாட்டு. உங்க பாட்டு ஓடறப்ப நாங்க வாயைத் தொறக்க மாட்டோம்" என்றார் அண்ணன் மைக்கில்.

"நல்லதுங்க. முதல்ல நீங்களே பாடுங்க. வயசுல மூத்தவங்க."

மறுபடியும் சிரிப்பு. பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இருந்தவர்கள்கூடக் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார்கள். இத்தனை வருசக் கச்சேரியில் எங்களுக்கு அவ்வளவு கவனமான கூட்டம் கிடைத்ததே இல்லை.

டூயட்

நந்தினியின் அப்பா மேடை ஓரத்துக்கு வந்தார். "இப்பவே அந்த டூயட்டைப் பாடிருங்க, தங்கவேலு. சனமெல்லாம் உக்காந்திருக்குது."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் புல்லாங்குழல் சத்தத்தை வைத்துக்கொண்டு தலையாட்டினேன். பெண் குரல் வர வேண்டிய இடத்தில் குழல் வந்தால் அந்தப் பெண்ணின் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். கல்யாணப் பெண் ஆசைப்பட்டுக் கேட்டது ஒரே ஒரு பாட்டு.

முன்னிசை வாசித்தேன். திறந்த கதவு வழியாக அது ரோட்டைத் தாண்டியும் போயிருக்க வேண்டும். அண்ணன் பல்லவியை எடுத்தார். நன்றாகவே எடுத்தார். தன் வரியை முடித்துவிட்டு, வழக்கப்படி மைக்கை அணைத்தார். பேட்டரி தீர்ந்துவிடும் என்று வரிக்கு வரி அணைத்துப் போடுவது அவர் பழக்கம்.

நான் விரலைக் கட்டை மேல் வைத்தேன். அமுக்கவில்லை. அதற்குள் பெட்டியிலிருந்து அவள் குரல் வந்துவிட்டது.

பூங்கொடி பெண் வரியைப் பாடினாள். சுருதி இம்மி பிசகவில்லை. வருசக்கணக்கில் அந்தப் பாட்டை நாங்கள் பாடியது அதே ஸ்கேலில்தான். நடையும் அதே நடைதான். செல்லமுத்து குச்சியை மெதுவாக்கிக்கொண்டு, என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் குரலுக்குப் பின்னாலேயே போனார். நான் குழலை விட்டுவிட்டு, அவள் குரலுக்கு அடியில் வெறும் கார்டு சுரங்களை மட்டும் பிடித்தேன்.

மணமகள் நிமிர்ந்து மேடை முழுக்கத் தேடினாள். பாடுகிற பெண் எங்கே என்று அவளுக்குப் புரியவில்லை. மோர் குடித்துக்கொண்டிருந்த பெரியப்பன் எழுந்து நின்று வாசலைக் கை காட்டினார். "அங்கீங்க! எங்க மண்டபத்துலீங்க!"

கூட்டம் அப்படியே வாசல் பக்கம் திரும்பியது. குழந்தைகள் எழுந்து ஓடின.

பல்லவியை இரண்டாவது தடவை அண்ணன் பாடினார். அவர் அணைக்க, அவள் எடுத்தாள். அவள் விட, இவர் எடுத்தார். ரோட்டில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பாட்டு லாரிகளுக்கு மேலே போய் வந்துகொண்டிருந்தது.

சரணத்தில் ஆண் வரி முதலில். நான் இடை இசையை முடித்துக் கொடுத்தேன். அண்ணன் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். பாடவில்லை. மைக்கைப் போடவே இல்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது. தாளம் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தை நீட்டி அவரைப் பார்த்தேன். அவர் கண்ணைத் தரையில் நட்டிருந்தார்.

ஒரு சுற்று வெறும் தாளமாகப் போனது. அடுத்த சுற்றில், பெட்டிக்குள் அந்தக் குட்டி மூச்சு கேட்டது. அவர் பாட வேண்டிய ஆண் வரியை அவளே பாடினாள். முன்பெல்லாம் ஊர் ஊராகப் பாடி அவர் தொண்டை கட்டிக்கொள்ளும்போது அப்படித்தான் செய்வாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வரி முடிந்ததும் அண்ணன் மைக்கைப் போட்டுவிட்டார். குரல் கொஞ்சம் கரகரத்து, அரை அட்சரம் தள்ளித்தான் வந்தது. ஆனால் வந்தது. கடைசிப் பல்லவியை இரண்டு பேரும் சேர்ந்து பாட வேண்டும். அங்கேதான் ஒரே அலைவரிசையின் வேலை தெரிந்தது. இரண்டு மைக்கும் ஒன்றாக ஓடியதில் பெட்டி கொர்ரென்று உறுமி, உஸ்ஸென்று இரைந்து, குரல்களைத் துண்டு துண்டாகத் துப்பியது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு மண்டபத்தின் கைதட்டலும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது.

நந்தினி மேடையிலிருந்தே வாசலைப் பார்த்துக் கை காட்டினாள், முகம் தெரியாத அந்தப் பாடகிக்கு.

ரோட்டுக்கு அந்தப் பக்கம்

மீதிக் கச்சேரி ஒப்பந்தப்படி நடந்தது. அவர்கள் ஒன்று, நாங்கள் ஒன்று. இரண்டு கல்யாணமும் இரண்டு குழுவின் பாட்டையும் கேட்டன. பெரியப்பன் கடைசி வரைக்கும் எங்கள் பக்கமே உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் முடிந்து நான் கீபோர்டை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணனைக் காணோம். வெளியே வந்து பார்த்தேன். வெயிலில் கண் கூசியது. ரோட்டோரத்தில் செருப்புகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். எதிரே, அந்த மண்டபத்து வாழைமரத்தடியில் பூங்கொடி.

நடுவில் வரிசையாக வண்டிகள். போர்வெல் போடுகிற ரிக் லாரி ஒன்று மலை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது.

"சாப்ட்டியா?" என்று அண்ணன் கத்தினார்.

அவள் காதில் கையை வைத்துக் காட்டினாள். கேட்கவில்லை.

"சாப்ட்டியான்னேன்!"

மறுபடி கேட்கவில்லை. இவ்வளவு நேரம் பெருமூச்சு விட்டால்கூடக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்.

ரிக் லாரி போய், அதன் பின்னால் இரண்டு வண்டி போய், இடைவெளி கிடைத்ததும் சுடுகிற தாரில் குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்து அவர் ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

"சரணத்துல எங்கண்ணா போனீங்க?" என்றாள் அவள், எடுத்த எடுப்பில்.

"தொண்டை கட்டிக்கிச்சு."

"ம்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதாவது பேசுவேன் என்று நினைத்தார்களோ என்னவோ. நான் ரோட்டில் போகிற வண்டியைப் பார்த்தேன்.

"சாப்ட்டியான்னு கேட்டேன்" என்றார் அண்ணன்.

"இன்னும் இல்லீங்ணா."

"நானும் இல்லே."

அவர்கள் மண்டபத்தில் கடைசிப் பந்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனோம். பூங்கொடி ஒரு இலையில் உட்கார்ந்தாள். அண்ணன் ஒரு இலை தள்ளி உட்கார்ந்தார். நடு இலையைக் காட்டி, "நீ இங்க உக்காரு அம்மிணி" என்றார். அவளும், "வா, சாந்தி" என்று இலையில் தண்ணீர் தெளித்துக் கொடுத்தாள்.

"கை கழுவிட்டு வாரேன்" என்று நான் போய்விட்டேன். குழாயடியில் கூட்டமில்லை. இருந்தாலும் சோப்பைத் தேய்த்துத் தேய்த்து மெதுவாகக் கழுவினேன்.

திரும்பி வந்தபோது அண்ணன் நகர்ந்து நடு இலையில் உட்கார்ந்திருந்தார். பருப்பு வாளிக்காரரிடம், "தங்கச்சிக்கு இன்னுங்கொஞ்சம் நெய் ஊத்துங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஓர இலையில் உட்கார்ந்தேன்.